கப்பல் கட்டிய கரை

கப்பல்களைக் கட்டவும் பேணவும் அமைந்த துறையைப் பண்டைக் கிரேக்கர் ‘நெயோரியோன்’ என்றனர். அதென்ஸ் நகரத்தாரின் பிரேயஸ் துறைமுகத்தில் கி.மு. 330 அளவில் 372 கப்பற் கொட்டகைகள் இருந்தன. இத்தொகை இன்று நமக்குத் தெரிவது எவ்வாறு? துறைக் கண்காணிகள் ஆண்டுதோறும் தம் கணக்கைக் கல்லிலே பொறித்து வைத்தமையாலன்றோ!

நம்மவரும் கலங்கட்டிய மக்களே. கி.பி. முதலாம் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘பெரிப்ளுஸ்’ என்னும் நூல், சோழக் கரையிலே பெருமரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கர’ என்னும் கலங்களைக் குறிப்பிடுகின்றது. ஈழத்திலே அத்தொழில் இருபதாம் நூற்றாண்டு வரை சிறந்திருந்தது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் விலைக்கு வாங்கினார், ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயரும் மாற்றினார். வல்வை மாலுமிகள் அதனைச் சுயெஸ் வழியாகச் செலுத்தி, அத்திலாந்திக் கடலையுங் கடந்து, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தனர்.

கப்பலின் புகழ் நிலைத்தது. ஆனால் அதனைக் கட்டிய ஓடாவிமாரின் அளவுமுறைகளும் தொழிற்சொற்களும் பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றன. வாய்மொழி, சொன்னவரோடு மறையும். இளைஞர்களே! கல்முனைக் கரையிலே தோணி செய்தறிந்த முதியவர், தமிழராயினும் முஸ்லிமாயினும், உங்கள் அயலில் இருப்பின் இன்றே சென்று கேளுங்கள்; கேட்டதை எழுதி வையுங்கள். கல்லில் வேண்டியதில்லை, கொப்பியே போதும்.