ஹெரால்டின் பின்னச்சு: ஒரு 'பின்னடைவின்' வரலாறு

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழங்கால வாகனங்களின் பதிவுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. முதற்பதிவு நாளிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும். 'அசல் வடிவில்' பேணப்பட்டிருக்க வேண்டும். பெரிய அளவில் மாற்றியமைக்கப்பட்டிருக்கக் கூடாது. இவற்றுக்கு உட்பட்ட வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட பதிவெண் கிடைக்கும். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. விதி எளிமையானதாகத் தோன்றுகிறது. ஆனால் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை அதன்முன் நிறுத்தினால், 'அசல்' என்ற சொல்லே தடுமாறுகிறது.

ஓசூர் வழியாகப் பெங்களூரு செல்லும் கார் மாநில எல்லையைத் தாண்டியதும் நுழையும் ஊர் அத்திபெலே. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் ஓசூரில் ஆலை அமைத்தன. எல்லையின் இருபுறமும் லேத், பிரஸ், வார்ப்பு, பெயின்ட் என உலோகத் தொழில் பெருகியது. ஐம்பதாண்டுக் காரின் எந்த உதிரிப்பாகத்தையும் புதிதாகக் கடைந்தெடுக்கக்கூடிய தொழிற்பகுதி இது. ஆகவே புதுப்பிப்பவருக்குக் கைவேலை ஒரு தடையன்று. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதே கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், அதை இறுக்கமாகப் பொருள்கொண்ட உச்ச நீதிமன்றத்தின் 2019 ஜனவரித் தீர்ப்பும், தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றன. அப்படியானால், தயாரிப்பாளரே தன் வடிவமைப்பைக் கைவிட்டிருந்தால்?

ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் பிறந்தது. உருவம் இத்தாலியர் ஜியோவானி மிக்கலோட்டியுடையது. பொறியியல் பொறுப்பு ஹாரி வெப்ஸ்டருடையது. அக்காலக் கார்கள் பலவும் சேசிஸும் பாடியும் ஒன்றேயான கூட்டமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு தனிச் சேசிஸுக்குத் திரும்பியது. காரணம் கோட்பாடன்று, நெருக்கடி. பாடி செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனம் போட்டியாளரான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. முழுக்கூட்டைச் செய்ய ஆளில்லாததால், பாடியைத் துண்டுதுண்டாகச் செய்து சேசிஸின்மேல் போல்ட் போட்டு இணைத்தார்கள். இந்த இயலாமையே பின்னர் வரமாயிற்று. பெட்டிகளில் அடைத்துத் தொலைநாடுகளுக்கு அனுப்பி அங்கே பூட்டுவதற்கு இதைவிட ஏற்ற கார் அரிது. அதே சேசிஸைக் குறுக்கி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. சென்னையின் குடும்பக் காரும் கவன்ட்ரியின் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே எலும்புக்கூட்டின் பிள்ளைகள். ஒரே நோயையும் பகிர்ந்துகொண்டவை.

அந்த நோய் பின்னச்சில் இருந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்களுக்கு 'ஸ்விங் ஆக்சில்' அமைப்பு. நடுவில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு பிணைக்கப்பட்டிருக்கும். இருபுறமும் அரையச்சுகள் அதிலிருந்து சிறகுபோல் மேலும் கீழும் அசையும். குறுக்கே ஒற்றைக் கமான் பட்டைத் தொகுதி அவற்றைத் தாங்கும். சக்கரங்கள் தனித்தனியே இயங்குவதால் மேடுபள்ளங்களில் சொகுசு கூடும். ஆனால் வேகமாக வளைவில் நுழைந்த ஓட்டுநர் திடீரென ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பகுதி எம்பும். வெளிப்புறச் சக்கரம் அடிப்பக்கமாக உள்நோக்கி மடியும். டயரின் பிடி போய்விடும். ஆட்களும் சுமையும் ஏறினால் இதற்கு எதிரான கோளாறு: இரு சக்கரங்களின் மேற்பகுதியும் உள்நோக்கிச் சாயும், டயரின் உள்விளிம்பு தேயும். முன்னது வேகத்தின் நோய். பின்னது பாரத்தின் நோய்.

கவன்ட்ரி முன்னதற்கு மருந்து தேடியது. 1970-இல் வந்த நான்காம் ஸ்பிட்ஃபயரில், கமான் பட்டைகளுள் ஒன்றை மட்டும் இறுகப் பிணைத்து, மற்றவற்றை நடுப்புள்ளியில் ஊஞ்சல்போல அசையவிட்டார்கள். முன்புறத்தில் சாய்வுதடுப்புத் தண்டைத் தடிமனாக்கினார்கள். வளைவில் எம்பும் குணம் பெருமளவு அடங்கியது. சிக்கனமும் நுட்பமும் கூடிய தீர்வு அது. இன்றும் பிரிட்டனில் பழைய ஹெரால்டு வைத்திருப்போர் பலர் இந்தப் பட்டைத் தொகுதியை வாங்கிப் பூட்டிக்கொள்கிறார்கள்.

சென்னையின் கதை வேறு. 1948-இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961-இல் 948 சி.சி. எஞ்சினோடு ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது. ('ஸ்டாண்டர்டு' என்ற பெயர் தாயகமான பிரிட்டனில் கார்களிலிருந்து 1963-இல் மறைந்தது, சென்னையில் மேலும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது.) உள்நாட்டு உதிரிப்பாகங்களின் பங்கு படிப்படியாக உயர்ந்தது. 1960-களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. பிரிட்டனில் இப்படியொரு ஹெரால்டு தயாரிக்கப்படவே இல்லை. பாட்டியையும் குழந்தைகளையும் பின்னிருக்கையில் ஏற்றும் குடும்பத்துக்கு இரண்டு கதவுகள் போதா என்பது இங்கே புரிந்திருந்தது. போல்ட் போட்டு இணைத்த பாடியும் அம்மாற்றத்துக்கு இடங்கொடுத்தது.

பின்னர் 1972-இல் கேசல். அதே எஞ்சின், மாற்றப்பட்ட பாடி, பின்புறத்தில் ஸ்விங் ஆக்சிலுக்குப் பதில் லைவ் ஆக்சில். இரு சக்கரங்களையும் ஒரே இறுகிய குழாய்க்குள் இணைக்கும் பழைய முறை இது. மோட்டார் வரலாற்றின் வழக்கமான ஏணியில் பார்த்தால், தனித்தியங்கும் சஸ்பென்ஷனிலிருந்து லைவ் ஆக்சிலுக்குப் போவது ஒரு படி இறக்கம். பூட்டப்பட்ட பொருளாதாரம், தேங்கிய தொழில்நுட்பம் என்ற ஆயத்த விளக்கமும் கையருகே கிடக்கிறது.

அந்த விளக்கம் போதாது. ஸ்விங் ஆக்சிலை வாங்குவோரும் விரும்பவில்லை, மெக்கானிக்குகளும் விரும்பவில்லை. அவ்விருப்பமின்மையை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அன்றைய இந்தியச் சாலையின் மற்ற இரு கார்களான அம்பாசடரும் ஃபியட்டும் லைவ் ஆக்சில் வண்டிகள். நாட்டின் பட்டறை அறிவு முழுவதும் அவற்றின்மீது கட்டப்பட்டிருந்தது. உடைந்த கமான் பட்டையைச் சரிசெய்யும் உலைக்களம் சிற்றூரிலும் உண்டு. ஸ்விங் ஆக்சிலின் வெளிப்புற பேரிங்கைக் கழற்றும் இழுப்பான் நகரத்திலும் அரிது. இந்திய ஓட்டுநர் மணிக்கு எண்பது மைலில் வளைவைச் சந்திக்கவில்லை. ஐந்தாறு பேரோடும் மூட்டைகளோடும் குழிகளைச் சந்தித்தார். அவருக்கு இருந்தது பாரத்தின் நோய். எவ்வளவு ஏற்றினாலும் சக்கரத்தை நிமிர்த்தியே வைத்திருக்கும் லைவ் ஆக்சில் அதற்கான நேர்மருந்து.

தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பின் காலவரிசையில் அன்றிப் பயன்பாட்டின் வழியே எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் வாதிட்டார். இந்த வாதத்துக்கு 1970-ஐயும் 1972-ஐயும் அருகருகே வைப்பதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. ஒரே குறைபாடு, ஈராண்டு இடைவெளியில் இரு விடைகள். ஒன்றைப் புதுமை என்றும் மற்றொன்றைப் பின்னடைவு என்றும் எழுதுவது, கவன்ட்ரியின் சாலையை உலகின் சாலையாக எண்ணும் பிழை. வணிகத்தில் கேசல் வெல்லவில்லை என்பதும் உண்மை. 1977-இல் அதன் தயாரிப்பு நின்றது. தோற்ற காரில் சரியான முடிவு ஒன்று இருந்திருக்கலாம் என்பதையும் வரலாறு பதிய வேண்டும்.

சென்னை நிறுவனத்தின் கடைசி முயற்சியான ஸ்டாண்டர்டு 2000 (1985), ரோவர் எஸ்.டி.1 உடலுக்குள் பழைய வேன்கார்டு மரபின் எஞ்சினை வைத்தது, சஸ்பென்ஷனை உயர்த்தியது. பந்தயக்காரர் வண்டியைத் தாழ்த்துவார். இந்தியத் தயாரிப்பாளர் உயர்த்துவார். இம்முறை கணக்குப் பொய்த்தது. 1988-இல் எல்லாம் முடிந்தது.

பாடியைப் பொறுத்தவரை எல்லைக்கு அப்பால், பெங்களூரில், இன்னொரு விடை பிறந்தது. 1980-களின் தொடக்கத்தில் சிபானி நிறுவனம் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவி, ஃபைபர் கிளாஸ் உடலோடு டால்ஃபினைச் செய்தது. துருப்பிடிக்காத, எடை குறைந்த அக்காரைப் பந்தயத்தில் ஓட்டுவோர் விரும்பினர். டிங்கரிங் கடையில் தட்டி நிமிர்த்தப் பழகிய பொதுமக்கள் தயங்கினர். 1983 இறுதியில் மாருதி 800 வந்தபின் போட்டி முடிந்துவிட்டது. இன்று துருவேறிய ஹெரால்டு பானெட்டுக்கு ஃபைபர் கிளாஸ் மாற்று பூட்ட நினைப்பவர் அறிந்தோ அறியாமலோ அந்தத் தயக்கத்தையே மீண்டும் சந்திக்கிறார்.

ஆக, ஹெரால்டைச் செம்மைப்படுத்துபவர்முன் மூன்று வழிகள் உள்ளன. ஆலையில் வந்த ஸ்விங் ஆக்சிலை அதன் குறையோடு காப்பது முதல் வழி. கவன்ட்ரியின் அசையும் பட்டைத் தொகுதியைப் பூட்டுவது இரண்டாவது. சேசிஸைத் தொடாமல் கழற்றிப் பூட்டும் வேலை அது, கண்ணுக்கும் எளிதில் தெரியாது. சேசிஸில் புதிய கொண்டிகளைப் பற்றவைத்து லைவ் ஆக்சிலை ஏற்றுவது மூன்றாவது. விதியின் கண்ணில் குற்றம் கனமாவது மூன்றாவதில்தான். சென்னை ஆலையே சென்றடைந்த முடிவும் அதுதான். 1972-இல் பதிவான கேசல், லைவ் ஆக்சிலோடு 2022-இல் ஐம்பதைக் கடந்து 'அசல்' என்ற தகுதியைப் பெறுகிறது. அதற்கு ஓராண்டு முன் பதிவான ஹெரால்டில் அதே அச்சை அதன் உரிமையாளர் பொருத்தியிருந்தால், அந்த வண்டியின் தகுதி கேள்விக்குள்ளாகிறது.