இன்டர்ஃபெரான் கண்ட முன்னோர்

பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பாற்றல் வைரஸை எப்படி மடக்குகிறது என்பதை ஆராயும் நம் துறைக்குத் தாய்வீடு, லண்டனின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்தபோதே, 1933இல், மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் அந்நிறுவனத்தார். ஒரு வைரஸ் புகுந்த செல்லில் இன்னொன்று எளிதில் வளராது என்பதும் முப்பதுகளிலேயே தெரிந்திருந்தது, காரணம்தான் பிடிபடவில்லை.

பின்னர் நிறுவனம் மில்ஹில்லுக்குக் குடிபெயர்ந்தது. 1956 கோடையில் சூரிச்சிலிருந்து அங்கு வந்த ழான் லிண்டன்மனும் கிளாஸ்கோக்காரரான அலிக் ஐசக்ஸும் தேநீர் வேளையில் பேசத் தொடங்கியது இந்தப் பிடிபடாத காரணத்தைப் பற்றித்தான். கருவளரும் கோழிமுட்டையின் ஓட்டை ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். சூடேற்றிச் செயலிழக்க வைத்த வைரஸில் ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, புதுத் திரவத்தில் போட்டார்கள். பிறகு அந்தத் திரவத்தை மட்டும் எடுத்து வேறு சவ்வுத் துண்டுகளில் விட்டால், அவற்றிலும் உயிருள்ள வைரஸ் வளரவில்லை. செல்லே ஏதோ ஒன்றைச் சுரந்து அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்துகிறது! அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டு 1957இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

அறுபதுகள் சோதனைக் காலம். பொருளைத் தூய்மையாகப் பிரித்துக் காட்ட முடியாததால் பலர் நம்ப மறுத்தனர். அந்நிய நியூக்ளிக் அமிலத்தைக் கண்டுதான் செல் இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது என்று 1963இல் ஐசக்ஸ் சொன்னதும் எடுபடவில்லை. உடல்நலம் குன்றி, 1967 ஜனவரியில், 45 வயதில் மறைந்தார். அதே ஆண்டு அமெரிக்காவில் மாரிஸ் ஹில்மன் குழுவினர், இரட்டை இழை ஆர்.என்.ஏ. இன்டர்ஃபெரானைச் சுரக்க வைப்பதை நிரூபித்தார்கள். ஐசக்ஸ் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

எழுபதுகளில் ஹெல்சிங்கியின் காரி கான்டெல், தானமாக வந்த ரத்தத்தில் மிஞ்சிய வெள்ளையணுக்களில் சென்டாய் வைரஸைச் செலுத்தி இன்டர்ஃபெரான் தயாரித்தார். பெயர் தெரியாத அந்தக் கொடையாளர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். 1980இல் சார்லஸ் வைஸ்மன் குழு மனித இன்டர்ஃபெரானைப் பாக்டீரியாவில் உருவாக்கியது. 1986இல் அமெரிக்காவில் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது.

வைரஸை அடையாளம் காணும் காவலர் யார் என்பது இந்த நூற்றாண்டில்தான் தெளிவானது. 2004இல் ஜப்பானின் தகாஷி ஃபுஜிடா குழு ரிக்-ஐ புரதத்தை இனங்கண்டது. நம் செல் தன் தூது ஆர்.என்.ஏ.யின் முனைக்கு மூடி போட்டு அனுப்பும். பல வைரஸ்களின் ஆர்.என்.ஏ.யில் மூன்று பாஸ்பேட்டுகள் மூடியின்றித் துருத்தி நிற்கும். ரிக்-ஐ பிடிப்பது அந்த முனையைத்தான். உடனே இன்டர்ஃபெரான் கிளம்புகிறது. அது எட்டிய செல்கள் வைரஸ் புகுந்தால் புரத உற்பத்தியை நிறுத்தவும் ஆர்.என்.ஏ.யை நறுக்கவும் ஆயத்தமாகின்றன. செல்லின் உட்கருவுக்கு வெளியே திரியும் டி.என்.ஏ.வைக் கண்டுபிடிக்கும் சிகாஸ் நொதியை 2013இல் ஜிஜியன் சென் குழு வெளிக்கொணர்ந்தது. அதற்காக அவர் 2024இல் லாஸ்கர் விருது பெற்றார்.