கேள்வி கேட்பவரையும் கேட்க ஆள் வேண்டும்



நான் குழுவில் பொருளாளரான முதல் வருஷம், ஒரு உறுப்பினர் கணக்கைப் பற்றிக் கேட்டார். "என்மேலயே சந்தேகமா?" என்று கோபப்பட்டேன். அந்தக் கோபம் தப்பு என்று எனக்குப் புரியவைத்தது யொருபா மக்களின் வரலாறு. அவர்கள் ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியா பக்கம் வாழ்கிறவர்கள்.

அவர்களுடைய பெரிய அரசு ஓயோ. அரசருக்கு அலாஃபின் என்று பட்டம். அரசர்தானே என்று நினைச்சதைச் செய்துவிட முடியாது. ஓயோ மெசி என்ற ஏழு பேர் சபை இருந்தது. புது அரசரைத் தேர்ந்தெடுப்பதே அவர்கள்தான். அரசர் கொடுமை செய்தால், வெறும் சுரைக்குடுக்கையையோ கிளி முட்டையையோ அனுப்புவார்கள். "உங்களை நாங்க ஏத்துக்கலை" என்று அர்த்தம். அதோடு அவர் உயிரை விட வேண்டியதுதான்.

சபைக்கும் கட்டுப்பாடு உண்டு. அரசர் இறந்தால் சபையில் ஒருவரும் கூடவே சாக வேண்டும் என்பது வழக்கம். அதனால் சும்மா கோபத்தில் குடுக்கையை அனுப்ப முடியாது. இது போக, ஒக்போனி என்ற பெரியோர் சங்கமும் சபையைக் கவனித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு இருந்தும் ஒருமுறை எல்லாம் கைமீறிப்போனது. 1754-ல் சபைத் தலைவராக இருந்த காஹா அதிகாரத்தை முழுசாகத் தன் கைக்குள் கொண்டுவந்தார். அடுத்தடுத்து வந்த அரசர்களைச் சாகவைத்தார். ஊர்களின் கப்பம் அவருடைய பிள்ளைகளுக்குப் போனது. அரசரைத் தட்டிக்கேட்க வேண்டியவரைத் தட்டிக்கேட்க ஆளில்லை. 20 வருஷம் கழித்து, 1774-ல், அபியோதுன் என்ற அரசர்தான் அவரை வீழ்த்தினார்.

யொருபா ஊர்களில் பெண்களுக்காகப் பேச இயாலோதே என்ற பெண் தலைவி உண்டு. நம்ம சீட்டு மாதிரி எசுசு என்ற சேமிப்பும் அவர்களிடம் உண்டு. எல்லாரும் ஒரே தொகையைக் கட்டுவார்கள். முறை வைத்து ஒவ்வொருவராக மொத்தத்தையும் வாங்கிக்கொள்வார்கள். எவ்வளவு, யாருடைய முறை என்பது எல்லாருக்கும் தெரியும். நம்பிக்கை அப்படித்தான் வளரும்.

நல்லவரா கெட்டவரா என்பது இல்லை விஷயம். யார் பதவியில் இருந்தாலும் கேட்க ஆள் வேண்டும். தலைவி, செயலாளர், பொருளாளர் மட்டுமில்லை, தணிக்கை பார்க்கிறவரும் கூட்டத்துக்குப் பதில் சொல்லணும்.

இப்போதெல்லாம் யாராவது கணக்குக் கேட்டால் நான் முகம் சுளிப்பதில்லை. ரொக்கப் புத்தகத்தை எடுத்து நீட்டிவிடுகிறேன். கேட்கிறவர் குழுவைக் காப்பாற்றுகிறவர். நீங்களும் கேளுங்க.