டாப்சோனியன் தொலைநோக்கி

டாப்சோனியன் தொலைநோக்கி: நியூட்டன் வகை எதிரொளிப்புத் தொலைநோக்கியை எளிய மரப்பெட்டித் தாங்கியில் ஏற்றிய வடிவம். பெய்ஜிங்கில் பிறந்த ஜான் டாப்சன் (1915–2014), சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தபோது ஆடிகளைத் தாமே தேய்த்துச் செய்யத் தொடங்கினார். 1967இல் மடத்தைவிட்டு வெளியேறியபின், நடைபாதைகளில் மக்களுக்கு வானத்தைக் காட்டினார்.

எடுத்துச் செல்லத்தக்க பெரிய கருவிகளில் முழுக் குழாய்க்குப் பதில் கழற்றக்கூடிய கம்பிகளே இருக்கும். அடித்தாங்கி, ஆடிப்பெட்டி, கம்பிகள், மேற்கூண்டு என்ற வரிசையில் பூட்டி, இரு ஆடிகளையும் நேர்ப்படுத்த வேண்டும். முதன்மை ஆடியின் சூடு ஆறும்வரை பிம்பம் தளும்பும். டெஃப்லான் துண்டுகள்மேல் வழுக்கி நகர்வதால் கையால் மெல்லத் தள்ளினாலே கருவி திரும்பும்.

இக்கருவியால் எதைக் காணலாம் என்பது இடத்தையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, விழுப்புரம் மாவட்டத்து வானூர் ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து மே மாத இரவுகளில் அங்கே தென்வானில் சுமார் 30 பாகை உயரும். கடலுக்கு அருகே பயன்படுத்தினால், கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஆடியின் அலுமினியப் பூச்சைக் கெடுக்கும். பார்த்து முடித்ததும் மூடிவைப்பது அவசியம்.