குறைந்தபட்சக் கூலி: பதிவேட்டுக்கும் கைக்கும் நடுவே

1946 ஏப்ரல் 11 அன்று மத்திய சட்டமன்றத்தில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை அறிமுகப்படுத்தியவர், அன்று தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த டாக்டர் அம்பேத்கர். 1948இல் அது சட்டமானபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். அம்பேத்கர் சிலைக்கு மாலை போடும் முதலாளிகள் இந்த வரலாற்றைப் பேசுவதில்லை.

அந்தச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள்: தோல் பதனிடுதல், கல் உடைத்தல், பீடித் தொழில், சாலை போடுதல், உள்ளாட்சி வேலைகள், விவசாயம். பெரும்பாலும் சங்கம் வைத்துப் பேரம் பேச வழியில்லாத வேலைகள். அவற்றில் பலவற்றைச் சாதி யார் தலையில் கட்டியது என்பது ஊரறிந்தது.

டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982இல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்றது. பசிக்காகத் தானே ஒப்புக்கொண்டு வந்தாலும் அது கட்டாயம்தான்.

இந்தத் தீர்ப்பை ஓசூரில் வைத்துப் பார்ப்போம். 1970களில் சிப்காட் வந்தது. பெரிய ஆலைகள் வந்தன. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரிகள். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். கூலி விகிதத்தை அந்தந்த மாநில அரசு தனித்தனியே நிர்ணயிக்கிறது. வீடு ஓசூரில் இருந்தாலும், அத்திப்பள்ளி ஆலையில் வேலை என்றால் கர்நாடக விகிதம்தான் பொருந்தும். இது தெரியாதவரிடம் ஒப்பந்ததாரர் சொல்வதே கணக்கு. பதிவேட்டில் முழுக் கூலிக்குக் கையெழுத்து, கையில் குறைந்த பணம் என்பது பழைய தந்திரம்.

2025 நவம்பர் 21 முதல் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1948 சட்டம் விலகியது. அட்டவணை போய், எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி என்றாகியிருக்கிறது. ஊதியச் சீட்டு தரவேண்டும். கூலி பாக்கி என்று புகார் வந்தால், கொடுத்ததை நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது. ஆனால் பழைய சட்டத்தில், கூலியைக் குறைத்துக் கொடுத்தால் முதல் குற்றத்துக்கே ஆறு மாதம்வரை சிறை விதிக்க இடமிருந்தது. இப்போது முதல்முறை பிடிபட்டால் 50,000 ரூபாய்வரை அபராதம் மட்டுமே. கட்டாய உழைப்பு என்று நீதிமன்றம் சொன்ன குற்றத்துக்கு இதுதான் விலையா?

தோழர்களே, ஊதியச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை நாள், எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று நீங்களும் எழுதி வையுங்கள். பதிவேடு அவர்களிடம் மட்டும் இருக்கும்வரை கூலியும் அவர்கள் இஷ்டம்தான்.