தண்ணீருக்குள் காடு வந்த கதை

மீன் தொட்டியில் செடி வளர்ப்பதற்கு முதலில் பேர் வாங்கியவர்கள் ஹாலந்துக்காரர்கள். சிவப்பையும் பச்சையையும் பாத்தி பாத்தியாகப் பிரித்து, அளந்து கத்தரித்துவிட்ட தொட்டிகள் அவர்களுடையவை. அழகுதான், ஆனால் காடு அப்படி வளராது. சாய்ந்த மரத்தையும் அதில் படர்ந்த பச்சையையும் தண்ணீருக்குள் கொண்டுவந்தவர் ஜப்பானின் நீகாத்தாவில் 1954இல் பிறந்த தகாஷி அமானோ.

அவருக்குத் தொழில் சைக்கிள் பந்தயம். அது போக, பெரிய ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அமேசான், போர்னியோ, மேற்கு ஆப்பிரிக்க மழைக்காடுகள் வரை போய்ப் படமெடுத்தார். அந்தக் காட்டை வீட்டுத் தொட்டியில் நட்டால் செடி தங்க வேண்டுமே! 1970களில் அதுதான் பெரும்பாடு. வெளிச்சத்தைக் கூட்டினால் செடியைவிடப் பாசிதான் முந்திக்கொண்டு வளர்ந்தது. மதுக்கடையில் விஸ்கிக்கு ஊற்றும் சோடாவில் குமிழ் எழும்புவதைப் பார்த்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது என்று சொல்வார்கள். செடிக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு தொட்டித் தண்ணீரில் போதாது; வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் அது இல்லாமல் செடி சாப்பாடு தயாரிக்காது. முதலில் சோடாவை ஊற்றிப் பார்த்தவர், பிறகு வாயுவைச் சிலிண்டரிலிருந்தே செலுத்தினார். 1982இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். தன் பாணிக்கு ‘நேச்சர் அக்வேரியம்’ என்று பேர் வைத்தார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மரக்கட்டையும் மாஸ் என்ற குட்டைச் செடியும் சேரும் இடம். காய்ந்த கட்டை முதலில் மிதக்கும். வாரக்கணக்கில் ஊறினால்தான் மூழ்கும். அதுவரை தண்ணீரைத் தேநீர் நிறமாக்கிக்கொண்டே இருக்கும். மாஸுக்கு உணவு உறிஞ்சும் வேர் கிடையாது, மண்ணும் வேண்டாம், பற்றிக்கொள்ள ஒரு பிடி போதும். அதனால் மெல்லிசாகப் பரப்பி நூலால் கட்டுவார்கள். தடிமனாக வைத்தால் அடியில் இருப்பது வெளிச்சம் இல்லாமல் அழுகும். பருத்தி நூல் இற்றுப்போவதற்குள் மாஸ் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். புதுசாக வைத்த கட்டை, பல வருடம் அங்கேயே விழுந்து கிடந்ததுபோல் ஆகிவிடும். இலையில் படியும் பாசியை மேய்வதற்கு அமானோ ஒரு சின்ன இறாலைத் தேர்ந்தெடுத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்க அது அமானோ இறால்.

2015இல், அவர் மறைந்த அதே வருடம், லிஸ்பன் ஓஷனேரியத்தில் அவருடைய கடைசிப் பெரிய தொட்டி திறக்கப்பட்டது. நீளம் 40 மீட்டர், தண்ணீர் 1,60,000 லிட்டர். அசோர்ஸ் தீவுகளின் எரிமலைக் கல்லுக்கு நடுவே ஸ்காட்லாந்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த மரக்கட்டைகள் அதில் சாய்த்து நிறுத்தப்பட்டன.