திசைப் பெயர்களும் நிலச் சாய்வும்: கொச்சியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மனிதன் வாழும் சூழல் அவனது சிந்தனையை வடிவமைக்கிறது என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் கருத்து. ஆயினும் இதனைக் கூறுவது எளிது, நிறுவுவது அரிது. சிந்தனை நேரடியாகப் புலப்படுவதன்று. அது மொழியில் பதித்துச் சென்ற சுவடுகளைக் கொண்டே அதனை உய்த்துணர வேண்டியுள்ளது. அத்தகைய சுவடுகளுள் திசைப் பெயர்கள் குறிப்பிடத்தக்கவை. தமிழ், மலையாளம் ஆகிய மொழிகளின் திசைப் பெயர்களைக் கொச்சி நகரின் நில அமைப்போடு ஒப்பிட்டு, சூழலுக்கும் சிந்தனைக்கும் இடையே மரபு வகிக்கும் பங்கினை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தமிழில் கிழக்கும் மேற்கும்

சங்க இலக்கியத்தில் குணக்கு, குடக்கு என்பன முறையே கிழக்கையும் மேற்கையும் குறித்தன. குணகடல், குடகடல் என்னும் ஆட்சிகள் இதனைக் காட்டும். பின்னர்ப் பெருவழக்குப் பெற்ற கிழக்கு, மேற்கு என்பன கீழ், மேல் என்னும் அடிகளிலிருந்து பிறந்தவை. தமிழகத்தின் நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வங்கக் கடலை நோக்கிச் சாய்கிறது. காவிரி, வையை, பொருநை ஆகிய ஆறுகள் கிழக்கு நோக்கியே பாய்கின்றன. வேளாண்மை செய்தோர்க்கு நீர் வரும் பக்கம் மேலாகவும் வடியும் பக்கம் கீழாகவும் அமைந்தது இயல்பே.

திராவிட மொழிகள் அனைத்தும் இவ்வாறு பெயரிடவில்லை. கன்னடத்தின் மூடண, படுவண என்பனவும் துளுவின் மூடாயி, படாயி என்பனவும் ஞாயிற்றின் தோற்றத்தையும் மறைவையும் அடிப்படையாகக் கொண்டவை. ஒரே வானத்தின் கீழ் வாழ்ந்தோருள் சிலர் ஞாயிற்றை நோக்கினர். சிலர் நிலத்தை நோக்கினர். எதனை அளவுகோலாகக் கொள்வது என்பதைச் சூழல் மட்டும் முடிவு செய்வதில்லை என்பது இதனால் பெறப்படும்.

2. கொச்சியில் ஒரு முரண்

கேரளத்தில் நிலத்தின் சாய்வு தலைகீழாகிறது. அங்கு மலை கிழக்கில், கடல் மேற்கில். கேரளத்தின் 44 ஆறுகளுள் 41 மேற்கு நோக்கிப் பாய்கின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கு நோக்கிச் செல்கின்றன. எனினும் மலையாளத்தில் மலை இருக்கும் திசையின் பெயர் கிழக்கு என்பதே.

கடலோரத்து மட்டாஞ்சேரியிலிருந்து ஒருவர் காயலைக் கடந்து, எறணாகுளம் வழியாக, செம்பாறைக் குன்றுகள் நிறைந்த காக்கநாட்டிற்குச் செல்வதாகக் கொள்வோம். அவர் கால்கள் மேட்டில் ஏறுகின்றன. அவர் மொழியோ அவர் 'கீழ்' நோக்கிச் செல்வதாகக் கூறுகிறது. மறுபுறம், மேற்கினைக் குறிக்க மலையாளம் பெரிதும் வழங்கும் சொல் 'படிஞ்ஞாறு' என்பதாகும். இது படு ஞாயிறு என்பதன் திரிபு. ஆக ஒரு திசைக்கு நிலத்தாலும் எதிர்த்திசைக்கு ஞாயிற்றாலும் பெயர் அமைந்துள்ளது.

3. கால்டுவெல்லின் முடிபு

இம்முரண்பாட்டை ராபர்ட் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் சுட்டிக்காட்டினார். கிழக்கு என்னும் சொல் மலைக்குக் கிழக்கே உள்ள நாட்டில்தான் தோன்றியிருக்க முடியும். எனவே மலையாளிகள் அங்கிருந்து வந்தவர்கள் என்பது அவர் கருத்து. ஞாயிறு கீழிருந்து எழும் திசை ஆதலின் கிழக்கு எனப்பட்டது என மாற்று விளக்கம் தரவும் இடமுண்டு. ஆனால் ஞாயிறு சென்று மறையும் திசை 'மேல்' எனப்பட்டதற்கு அவ்விளக்கம் காரணம் காட்டாது.

சொல் பிறந்த நிலம் எது என்பதில் கால்டுவெல்லின் வாதம் வலிமையுடையதே. எனினும், சொல்லின் பயணம் மக்கள் அனைவரின் பயணமாகாது. குடியேறியோர் கொண்டுவந்த சொல்லை அங்கிருந்தோர் ஏற்றிருக்கலாம். மேற்கும் கிழக்கும் ஒரே மொழிப் பரப்பாக இருந்த காலத்தில் அச்சொல் பரவியுமிருக்கலாம். இந்த ஒரு சொல்லை மட்டும் கொண்டு இனத்தின் பிறப்பிடத்தை அறுதியிடுதல் பொருந்தாது.

4. மட்டாஞ்சேரியில் வேறொரு சான்று

சொல்லும் வழக்கமும் நிலம் கடந்து செல்லும்போது நிகழ்வதை மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பெற்ற பரதேசி யூதர் தொழுகையகமும் காட்டுகிறது. எபிரேயத்தில் 'யாம்' என்னும் சொல் கடலையும் மேற்கையும் குறிக்கும். அம்மொழி பிறந்த நாட்டிற்கு மேற்கே நடுநிலக் கடல் இருந்ததே காரணம். மேற்கே கடல் இல்லாத நாடுகளில் குடியேறியபோது அச்சொல் நிலத்தோடு ஒட்டாது நின்றது. கொச்சியில் மீண்டும் நிலத்தோடு பொருந்தியது. ஆனால் எருசலேமை நோக்கித் தொழும் வழக்கம், ஐரோப்பிய யூதரைக் கிழக்கு நோக்க வைக்க, கொச்சி யூதரை மேற்கு நோக்க வைத்தது. மரபு ஒன்றே, இடம் மாறத் திசை மாறியது.

5. திசையும் சிந்தனையும்

இப்பெயர்கள் எண்ணும் முறையையும் பாதிக்கின்றனவா? மெக்சிகோவின் செல்தால் மொழியினர் தெற்கை 'மேடு' என்றும் வடக்கைப் 'பள்ளம்' என்றும் கூறுவர். சமதளத்திலும் அவ்வாறே வழங்குவர். தஞ்சையின் சமவெளியில் மேலவீதி, கீழவீதி என வழங்குவது இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது.

தமிழ் பேசுவோரிடையே எரிக் பெடர்சன் நிகழ்த்திய ஆய்வு 1995-இல் வெளிவந்தது. பொருள்களின் இருப்பைச் சொல்லுங்கால் சிற்றூரார் பெரிதும் வடக்கு, தெற்கு என்றனர். நகரத்தார் இடம், வலம் என்றனர். இத்தகைய ஆய்வுகளில் ஒருவருக்குப் பொருள்களின் வரிசையைக் காட்டி, அவரைப் பின்புறம் திருப்பி, அவ்வரிசையை மீண்டும் அமைக்கச் செய்வர். பேச்சு வழக்கிற்கும் வரிசையை நினைவில் கொள்ளும் முறைக்கும் தொடர்பிருப்பதாக ஆய்வாளர் கருதினர். லி, கிளைட்மன் ஆகியோர் 2002-இல் இதனை மறுத்து, சுற்றுப்புறத்தில் உள்ள அடையாளங்களே விடையைத் தீர்மானிக்கின்றன என வாதிட்டனர். எனினும் ஒரே மொழி பேசுவோரிடையே இரு முறைகள் நிலவுவது, மொழியின் இலக்கணத்தைவிட வாழ்க்கை முறையே இதில் முதன்மை பெறுகிறது என்பதை உணர்த்தும்.

கேரளத்து நாலுகெட்டு வீட்டின் நான்கு பகுதிகள் வடக்கினி, தெக்கினி, கிழக்கினி, படிஞ்ஞாற்றினி எனப்படும். அவ்வீட்டில் வளரும் குழந்தை திசையைக் கற்பது மலையைக் கண்டன்று; வீட்டைக் கண்டே ஆகும்.

முடிவுரை

சூழல் சொல்லைப் பிறப்பிக்கிறது. பிறந்த சொல் மரபாகிச் சூழலைக் கடந்து வாழ்கிறது. கொச்சியின் கிழக்கு இதற்குச் சான்று. எனவே ஒரு மக்களின் நிலப்படத்தைக் கொண்டு அவர்தம் மனத்தை அளந்துவிட இயலாது. அவர்கள் கடந்து வந்த நிலங்களையும் கேட்டு வளர்ந்த சொற்களையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.